தேதி முடிந்த பெல்ட்

"இந்த சீட் பெல்ட் பாஸ் ஆகாது."

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான் அவன். எதிரே ஒரு பெண். மழைக்கோட்டுத் தொப்பிக்குள் இரண்டு பெரிய கண்கள்... தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ!

வெள்ளிக்கிழமை காலை. பரிசோதனைக் கூடாரத்தில் அவள்தான் பாதுகாப்பு அதிகாரி; அவள் கையால் பச்சை ஸ்டிக்கர் வாங்காமல் எந்தக் காரும் பந்தயப் பாதையில் இறங்க முடியாது. அவன் மெக்கானிக். ஓட்டப்போவது அவனுடைய தம்பி.

"தேதி முடிஞ்சு மூணே வாரம்தானேங்க? திரிஞ்சு போறதுக்கு இது என்ன பால் பாக்கெட்டா?"

கூடாரமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"புதுசு மாட்டிட்டு வாங்க."

"இன்னிக்குப் பயிற்சி ஓட்டம் போயிடும் மேடம்! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா... இல்ல, அதுக்கும் தேதி முடிஞ்சிடுச்சா?"

அந்தக் கண்கள் சட்டென்று நிறைந்தன. அவள் அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

நாள் முழுக்க அலைந்து புது பெல்ட் வாங்கி மாட்டினான். அவள் ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினாள். பயிற்சி இல்லாமல் சனிக்கிழமை தகுதிச்சுற்றுக்குப் போன தம்பிக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. அவள்மேல் அவனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மழையில் அவள் வேலியோரம் நின்று, தம்பியின் கார் போகும்போதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்தாளே... ஏன்?

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில், ஏழாவது சுற்று. முன்னால் போன கார்கள் வாரியிறைத்த தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. தம்பியின் கார் சறுக்கி, சுவரில் மோதி, உருண்டு கவிழ்ந்தது.

சிவப்புக் கொடி காட்டினார்கள். அவன் ஓடினான். கூடவே அவளும் ஓடிவந்தாள். வேலிக்கு அப்பால் யாரையும் விடவில்லை. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

காருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அப்புறம் ஹெல்மெட். தம்பி எழுந்து நின்றான்.

அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷம் முன்னாடி... எங்க அண்ணனோட பெல்ட். தேதி நாலு நாள்தான் தாண்டியிருந்தது. கெஞ்சினான். நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன்... அவன் இப்படி எந்திரிக்கல."

அவனும் சேற்றிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் கேட்டதுக்கு மன்னிச்சிடுங்க. உங்களாலதான் என் தம்பி நடந்து வரான்."

"நன்றியெல்லாம் வேண்டாம்."

"நன்றி இல்லீங்க... வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணைப் பார்த்தப்பவே பிடிச்சுப்போச்சு. வீம்புல அதைக் கோபம்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான் தினமும் அழறவ."

"அழுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இதுக்குத் தேதியே கிடையாது."

மழையும் கண்ணீருமாக அவனைப் பார்த்தாள். "தேதி போடாததை நான் பாஸ் பண்ண மாட்டேன்..."

"அப்போ வருஷா வருஷம் செக் பண்ணுங்க. கூடவே இருந்து."

அவள் அழுதுகொண்டே தலையசைத்தாள்.