புளோரன்ஸிலிருந்து வந்த மழை

காலையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் மழை விடவில்லை. எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றழைக்கும் பதியுதீனின் இரண்டாம் மாடி வீட்டில் யன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. காப்புறுதி நிறுவனமொன்றில் நட்டஈடு கேட்டு வரும் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வெல்லாம் பேச்சுக்குத்தான். கொட்டாஞ்சேனை நண்பர் ஹெக்டர் கிழமைக்கொரு வில்லங்கத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இன்று அவர் கூட்டிவந்தது தன் ஒழுங்கையில், அந்தச் சிறு சந்தில், குடியிருக்கும் சாமினியை.

"என்ட மனுசன் பிறெடி இத்தாலிக்குப் போய் எட்டு மாசம், நானா," என்றாள் அவள், நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல். "புளோரன்ஸில இருக்கிறார். அங்க அவருக்கு வேற ஆள் இருக்குது எண்டு நினைக்கிறன்."

"ஏன் அப்பிடி நினைக்கிறீங்க?"

"நான் வாறன் எண்டால் வேண்டாம் எண்டுறார். ஏன் எண்டு கேட்டால் கதையை மாத்துறார். வீடியோவில முகம் காட்ட மாட்டார். நானும் போய்ப் பார்க்கிறது எண்டு முடிவெடுத்திட்டன். அவரை அனுப்பின ஏஜெண்டே என்னையும் அனுப்புறானாம். நாளைக்குக் காலமை வீட்டுக்கு வாறான். காசுக்குப் பதிலா எங்கட வீட்டு உறுதிப் பத்திரத்தைக் குடுக்கப்போறன். அம்மா சீதனமாத் தந்த வீடு, எங்களிட்ட இருக்கிறது அது ஒண்டுதான். பிறெடிக்கு இது தெரியாது."

ஹெக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கட்டாயம் வெள்ளைக்காரிதான், நானா!" என்றார்.

பதியுதீன் அதைக் காதில் வாங்கவில்லை. "அவர் அனுப்பின குரல் பதிவு எதும் ஈக்கா?" என்று கேட்டார்.

சாமினி போனை மேசையில் வைத்தாள். நேற்று, ஞாயிறன்று வந்தது. தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல மழைச் சத்தம். அதற்கு மேலாகப் பிறெடியின் களைத்த குரல்.

"இண்டைக்கு லீவு, சாமினி. ஊர் பார்க்கப் போனன். ஒரே மழை. நகைக்கடையள் இருக்கிற அந்தப் பழைய பாலத்தில நிண்டு ஆத்தைப் பார்த்தன். பிறகு பெரிய மாதா கோயிலுக்குப் போய் உனக்காக மண்டாடினன். வெளியில வந்தால் வாசலில கிடந்த செருப்புக் குவியலுக்குள்ள என்ட சோடியைக் காணேல்ல. மழையில வெறுங்காலோட வந்து சேர்ந்தன். நீ இப்ப வர வேண்டாம், என்ன?"

இடையில் ரயிலொன்று கடகடவென்று போனது. தூரத்தில் மணி அடிப்பதுபோல ஒரு மெட்டு கேட்டது. பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"அந்த ஊரில றோட்டில நிண்டு பாட்டு வாசிப்பாங்களாம், மழையிலயும்," என்றாள் சாமினி. "படங்களும் அனுப்புறவர். ஆனால் ஒண்டிலயும் அவர் இல்லை."

பதியுதீன் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஹெக்டர், இதில ஒரு பிழையும் உங்களுக்குப் படல்லயா?"

"இல்லையே. செருப்புத் துலைஞ்சது பாவம்தான். போன கோயில் பெருநாளுக்கு எனக்கும் துலைஞ்சது."

"அதுதான். கோயிலுக்குள்ள செருப்போட போகாத ஆக்கள் நீங்க. உங்களுக்கு அது பிழையாவே படாது. என்ட மகள் பர்ஹா போன வருஷம் அந்தக் கோயிலுக்குப் போய் வீடியோ எடுத்து அனுப்பினா. அவ்வளவு சனமும் பூட்ஸோட உள்ளுக்குப் போகுது. தெரியாத பிறெடி கழட்டி வெச்சாருண்டே வெச்சுக்கொள்ளுவம். குவியல் எங்கிருந்து வந்தது? ஒரு ஆள் கழட்டினா ஒரு சோடி. குவியலுண்டா கோயிலுக்கு வந்த சனமெல்லாம் கழட்டியிருக்கணும்."

ஹெக்டர் போனை எடுத்து அந்தக் குரலை மறுபடி ஓடவிட்டார்.

"ஒரு மனுஷன் பொய் செல்றப்ப, பாதிக்கு உண்மையைத்தான் போட்டு நிரப்புவான். எத்தினை கோரிக்கையில பார்த்தாச்சு! செருப்புத் துலைஞ்சது மெய். துலைஞ்ச இடந்தான் இத்தாலி இல்ல. தகரத்தில மழை விழுற சத்தமும் கேட்டீங்கதானே? தங்கச்சி, உங்கட மனுஷன் நாட்டை விட்டே போகல்ல."

சாமினி எழும்பப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "நான்தானே எயார்போட்டில நிண்டு கை காட்டினனான்!" என்றாள். வேறு பெண் இருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவள் முகம் சொல்லியது.

"அப்ப எங்க இருக்கிறான்?" என்றார் ஹெக்டர்.

"பொறுங்க. இது அவர் வாற நேரந்தான்."

யார் வருவது என்று அவர் சொல்லவில்லை. கடற்கரைப் பாதையில் ரயில் போனது, மேசையில் கோப்பைகள் அதிர்ந்தன. சற்றுப் பிந்தி ஒழுங்கைக்குள் பாண் என்கிற ரொட்டி விற்கும் ஓட்டோ தன் மெட்டை வாசித்துக்கொண்டு நுழைந்தது. பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"சூன் பாண்! மெட்டு வாசிச்சு வாற பாண்காரன்!" என்று ஹெக்டர் கத்தியே விட்டார்.

"கொழும்பில எல்லா ஓட்டோவும் மெட்டு வாசிக்கும். இப்பிடிப் பாதியில அறுந்து போறது எங்கட ஒழுங்கை ஓட்டோ மட்டுந்தான். மாசக்கணக்கா அவனிட்ட செல்றன், அவன் மெட்டைத் திருத்துறான் இல்ல. போய்க் கேளுங்க, ஹெக்டர். வெளியில வராத ஆள் ஒத்தருக்கு எங்கயாவது பாண் விக்கிறானாண்டு."

ஹெக்டர் குடைகூட எடுக்காமல் ஓடினார். கீழே அவர் பாண்காரனைச் சிங்களத்தில் "மல்லி, மல்லி!" என்று தம்பி முறை வைத்துக் கூப்பிடுவது மேலே கேட்டது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"ரயில் பாதைக்குப் பக்கத்து லொட்ஜ், நானா. மேல்மாடியில தகரக் கூரை போட்ட அறை. அங்க ஒருத்தன் யன்னலால கயித்தில பை இறக்கித்தான் பாண் வாங்குறானாம். ஞாயித்துக்கிழமையில மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிடுவானாம்."

மூவரும் போனார்கள். படி ஏறி, கடைசிக் கதவைத் தட்டினார்கள். "பிறெடி, நான்," என்றாள் சாமினி.

கதவு திறந்தது. தாடியும் வெளிறிய முகமுமாக நின்றவனுக்குப் பின்னால் ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அறை இருந்தது. பதியுதீன் பின்னால் ஒதுங்கி நின்றார். ஹெக்டரைப் பேசாமலிருக்கச் சொல்லித் தோளில் கை வைத்தார்.

"விசா பொய் எண்டு எயார்போட்டிலயே திருப்பி விட்டிட்டாங்கள்," என்றான் பிறெடி. "ஏஜெண்ட் என்னை இங்க கொண்டுவந்து விட்டான். அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டான். பாஸ்போட்டும் அவனிட்ட. வாயைத் திறந்தால் குடுத்த காசும் இல்லை எண்டான். ஒழுங்கைச் சனமெல்லாம் வாகனம் பிடிச்சு வந்து வழியனுப்பினது, சாமினி. எந்த முகத்தோட திரும்பி வாறது?"

"நான் மட்டும் வெளியிலயே இருந்தன்? நானும் அடைபட்டுத்தான் கிடந்தன்," என்றாள் சாமினி. "இத்தாலிக்காரன்ட பெண்சாதி எண்டு உங்கட அம்மா வேலைக்கும் விடேல்ல. கோயிலுக்குப் போனால், எப்ப போறாய் எண்டு எல்லாரும் கேட்பினம். சிரிச்சுச் சிரிச்சு வாய் நோகுது. உங்களோட கோவத்தில நாளைக்கு அவனிட்டையே வீட்டு உறுதியைக் குடுக்க இருந்தன்."

"எவனிட்ட?"

"உங்களை இங்க பூட்டி வைச்சவனிட்ட."

பிறெடி கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது. ஹெக்டர் பொலிசுக்குப் போவோம் என்று தொடங்கினார், பதியுதீன் தலையசைத்து நிறுத்தினார். இது அவர்கள் இருவரும் முடிக்கவேண்டிய கதை.

சாமினி கணவனின் கைகளை முகத்திலிருந்து விலக்கினாள்.

"நாளைக்குக் காலமை அவன் வீட்டுக் கதவைத் தட்டுவான், பிறெடி," என்றாள். "திறக்கப்போறது நானா, நீங்களா?"