பதினேழாவது படம்

ஞாயிறு காலை 7.10. பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. உள்ளே நாற்பது நெகட்டிவ் உறைகள் பத்திரமாக இருந்தன. நாற்பத்தொன்றாவது உறை மட்டும் காலி.

"போன ஞாயித்துக்கிழமை நானே கையில எடுத்து வெளிச்சத்துல பாத்தேன் அண்ணி," என்றாள் ஸ்டுடியோக்காரரின் மனைவி. அழுது ஓய்ந்த குரல்.

எக்ஸ்ரேயக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடித்தவர். ஸ்டுடியோக்காரர் அவருடைய ஒரே தம்பி. அடுத்த வாரத்தோடு தம்பி போய் ஒரு வருஷம்.

ஊர் முழுக்கப் படம் எடுத்தவன், கல்யாணத்துக்குப் பிறகு கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. அவனுடைய நோட்டில் மட்டும் ஒரு வரி இருந்தது: 'சுருள் 41, படம் 17. நத்தைகுத்தி நாரை. கீழே நானும்.' "என் மூஞ்சிக்கு ஒரு பிரிண்ட்டு வேறயா?" என்று சொல்லியே கடைசி வரை அதை அச்சுப் போடவில்லை. நெகட்டிவில் பார்த்தால் முகமா தெரியும்? அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டத்தான் அவள் இன்று டப்பாவைத் திறந்தாள்.

"இந்த வாரம் யாரெல்லாம் வந்தாங்க?"

"ரெண்டே பேரு. பூச்சி வாத்தியார் பைனாகுலரத் திருப்பிக் குடுக்க வந்தாரு. ஆட்டம் அண்ணன் எனக்கு மாத்திரை கொண்டாந்தாரு."

"இந்த ரூம்ல தனியா இருந்தாங்களா?"

"ரெண்டு பேருக்கும் டீ போட நான் உள்ள போனேனே!"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருவரும் தம்பியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள். தெருக்கோடிக் குளத்தை இருபது வருஷம் அவனோடு சுற்றியவர்கள். அக்காவும் பிளாஸ்க்கோடு கூடப் போவார். ஒரு தட்டான்பூச்சிக்காக வாத்தியார் அரைமணி நேரம் குப்புறப் படுத்திருப்பார். மருந்துக்கடைக்காரர் எடுக்கும் படமெல்லாம் ஆடியிருக்கும். அவருக்கு 'ஆட்டம்' என்று பேர் வைத்ததே அக்காதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தம்பியைத் தவிர. 

ஜன்னலோரம் தம்பி குளத்தங்கரையில் பொறுக்கி வந்த நத்தை ஓடுகள், கூர்முனை மேலே இருக்க, வரிசையாக நின்றன. மொத்தம் இருபத்து மூன்று. அக்கா ஒவ்வொன்றாகத் தூசி தட்டி வைத்தார். எல்லாவற்றுக்கும் வாய் வலப்பக்கம் திறந்திருந்தது.

காலை 10.20. நூலகக் கூடம். அக்காவோடு தம்பி மனைவியும் வந்திருந்தாள். 'நம்ம குளம்' என்று புகைப்படக் கண்காட்சி. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு நத்தைகுத்தி நாரைகள், இரண்டின் அலகிலும் நத்தை. ஒன்றின் கீழே வாத்தியார் பேர், மற்றதன் கீழே ஆட்டத்தின் பேர். இரண்டும் துளியும் ஆடாத படங்கள்.

"எப்ப எடுத்தீங்க வாத்தியாரே?"

"போன மாசம். காலையில ஆறரைக்கு."

"என் தம்பி டப்பாவத் தொட்டீங்களா?"

"தொட்டேன். மூடி சரியா இல்ல, அழுத்தி மூடினேன். ஏன், சந்தேகமா?" வாத்தியாரின் முகம் சிவந்தது.

அக்கா எதிர்ச் சுவருக்குப் போனார். "நீங்க, ஆட்டம்?"

"போன புதன்கிழமைக்கா. புது டிஜிட்டல் கேமரா. கை ஆடினாலும் அதுவே சமாளிச்சுக்கும்."

"டப்பாவ?"

"எந்த டப்பாக்கா?"

அக்கா படத்துக்கு மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். நாரையின் கால் நிற்கும் கல்லோடு படத்தைக் கத்தரித்திருந்தார்கள். அலகில் நத்தை, கூர்முனை மேலே, வாய் இடப்பக்கம். திரும்பிப் போய் வாத்தியாரின் நத்தையையும் பார்த்தார். பிறகு ஆட்டத்தை வராந்தாவுக்கு அழைத்தார். தம்பி மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"எக்ஸ்ரே பிலிம் ஓரத்துல இடமா வலமான்னு ஓர் அடையாளம் வெப்போம். இல்லேன்னா பிலிமைப் புரட்டிப் பிடிச்சு, இருதயம் வலப்பக்கம்னு சொல்லிடுவாங்க. நம்ம குளத்து நத்தை அந்த அடையாளத்தத் தன் உடம்புலயே வெச்சிருக்கு. தம்பி ஜன்னல்ல இருபத்து மூணு ஓடு, எல்லாத்துக்கும் வாய் வலம். வாத்தியார் நத்தைக்கும் வலம். உங்க நத்தைக்கு மட்டும் இடம். டிஜிட்டல் கேமரா படத்தப் புரட்டாது. நெகட்டிவ மாத்தி ஸ்கேனர்ல வெச்சாத்தான் புரளும். உங்க பிலிமையெல்லாம் கழுவிக் குடுத்தது என் தம்பி. எது எந்தப் பக்கம்னு பாக்குற வேலை உங்களுக்கு வந்ததே இல்ல. எங்க அந்த நெகட்டிவ்?"

ஆட்டம் சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடைக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே நெகட்டிவ்.

"இன்னைக்கே திருப்பி வெச்சிடணும்னுதான் இருந்தேன். ஆடாத படத்துக்குக் கீழ ஒரே ஒரு தடவை என் பேரப் பாக்கணும்னு..."

"அதுக்கு என் தம்பி படமா கெடச்சுது?"

"அதுல எனக்கும் பங்கு உண்டுக்கா." போனைத் திறந்து, கத்தரிக்காத படத்தைக் காட்டினார்.

மதகுச் சுவரின் மேலிருந்து எட்டி எடுத்த படம். நாரைக்குக் கீழே, அசையாத தண்ணீரில் இரண்டு பேரின் பிம்பம். சுவரைத் தாண்டித் தொங்குகிறான் தம்பி. கேமரா கண்ணை மறைக்கிறது, அதற்குக் கீழே அந்தப் பழைய சிரிப்பு. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பியின் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

"அன்னைக்கு என் கை ஆடல," என்றார் அவர். "ஆடியிருந்தா இந்தப் படமே இல்ல."

 தான் வைத்த பேர் அக்காவையே முள்ளாகக் குத்தியது.

தம்பி மனைவி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "சிரிக்கிறாரு அண்ணி," என்றாள். பிறகு மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க செஞ்சது தப்புதான் அண்ணே. உள்ள போய் அந்தப் பேர எடுத்துட்டு அவரு பேரப் போடுங்க. ஆனா வீட்டுல முழுப் படத்தத்தான் மாட்டுவேன். உங்கள நான் கத்தரிக்க மாட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குக் குளத்துக்கு வந்துடுங்க தம்பி," என்றார் அக்கா. இருபது வருஷத்தில் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல்முறை.