கறுத்த கோதுமை

மாவில் கருவாட்டு வாடை அடித்தது. வீட்டில் கருவாடு இல்லை. செல்லாயி திருகையைத் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்து பார்த்தாள். அதே வாடை.

எழுபத்தொன்றாம் வருஷம், மலேசியாவில் இன்றைய தெலுக் இந்தான் பக்கத்து எஸ்டேட்டில் வெள்ளம் ஏறியபோது மற்ற குடும்பங்கள் லோரியில் போய்விட்டன. அவள் புருஷன் சன்னாசிதான், "நாளைக்கே வடிஞ்சிரும் லா" என்று தங்கிவிட்டான். மறுநாள் கீழே சமையல்கட்டில் இருந்த அரிசியைத் தண்ணீர் கொண்டுபோனது. மரக்கால்கள்மேல் நின்ற பலகை வீட்டின் மேலே மிஞ்சியது ஒரு மூட்டை கோதுமை. அவன் சுமை தூக்கும் கிடங்கில், கெட்டது என்று ஒதுக்கியதைத் தூக்கி வந்திருந்தான்.

அதில் எலிப்புழுக்கை மாதிரி கறுத்து நீண்ட மணிகள் கிடந்தன.

"என்னங்க, கறுப்பைப் பொறுக்கிட்டு அரைக்கவா?"

"பொறுக்குனா பாதிதான் மிஞ்சும். பிள்ளைக்கு என்ன கொடுப்ப? சும்மா அரை லா."

அரைத்தாள். ஐந்து வயது ராக்கு பசியில் சூட்டோடு சூடாக ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். மூவரும் தின்றார்கள்.

நான்காம் நாள் சன்னாசி விரல்களைத் தேய்க்கத் தொடங்கினான். எறும்பு ஊருகிறதாம். ஆறாம் நாள் எறும்பு நெருப்பானது. தகரக் கூரையில் மழை இடைவிடாமல் கொட்ட, காலடியில் பலகை இடுக்கு வழியாகச் சேற்று நாற்றமும் செத்த கோழியின் நாற்றமும் மேலேறி வர, அவன் படியில் குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் வெள்ளத்தில் முக்கிக்கொண்டு முனகினான்; அந்த முனகல் மழைச் சத்தத்தோடு கலந்து, எது மழை எது அவன் என்று அவளால் பிரிக்க முடியாமல் போனது.

அன்று மாலை அவள் மூட்டையைப் படிவரை இழுத்தாள். தண்ணீரில் தள்ளிவிட வேண்டும். திரும்பினால் அவன் பின்னால் நின்றான். கண்மணி இரண்டும் அகன்று, கறுத்து.

"என் பிள்ளைய பட்டினி போடப் பாக்குறியா?"

அதற்குப் பிறகு அவன் மூட்டைமேல்தான் உட்கார்ந்தான். தூங்கவில்லை. ரொட்டியை அவனே சுட்டான். அவள் வாய்க்குள் அவனே திணித்தான். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது. "சரியாப் போச்சு பாத்தியா" என்று சிரித்தான். அவன் விரல்களை அவள் பார்த்தாள். நுனியிலிருந்து கறுத்து, உலர்ந்து, சுருங்கியிருந்தன. வலியில்லை என்றான்.

அவளுக்கும் பாதங்களில் வலியில்லை. ஒன்றுமே இல்லை.

ஒன்பதாம் நாள் நடுப்பகலில் படகுச் சத்தம் கேட்டது.

"யாராச்சும் இருக்கீங்களா? அண்ணே! அக்கா!"

எழுந்தாள். கால் நிற்கவில்லை. விழுந்தாள். கத்த வாயைத் திறந்தாள். நாக்கு கட்டையாகக் கிடந்தது. முழங்கையை ஊன்றி இழுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். ஒரு பலகை. இன்னொரு பலகை.

"இங்க எல்லாரும் போயிட்டாங்க லா. வா, போலாம்."

மோட்டார் உறுமியது. தேய்ந்தது. மழை மட்டும்.

பின்னால் சட்டியில் மாவு பிசையும் சத்தம். ஈரமாக. நிதானமாக. சன்னாசிக்குப் படகு கேட்கவே இல்லை போலிருந்தது. மெல்லப் பாடிக்கொண்டிருந்தான்.

சத்தம் நின்றது. அவள் தலையைத் திருப்பினாள்.

அவன் மாவிலிருந்து கையை எடுத்தான். மூன்று விரல்கள்தான் இருந்தன. ரத்தமில்லை. அவன் பார்க்கவுமில்லை. உருண்டையைத் தட்டி, கல்லில் போட்டான்.

ராக்கு தட்டை நீட்டினாள்.