அடுப்புச் சாமியிடம் சொல்லியனுப்பியது

அடுக்களைச் சுவரில் எறும்புகள் வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தன. சர்க்கரை டப்பா கீழ்த்தட்டில் இருக்க, இவை எதற்கு மேலே போகின்றன என்று விசாலாட்சி எட்டிப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால், புகை படிந்த பலகையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதில் மையால் வரைந்த தாடிக் கிழவர். அவர் வாய் மட்டும் ஈரமாக மினுங்கியது. எறும்புகள் அங்கேதான் மொய்த்தன.

தொட்டு முகர்ந்தாள். தேன்.

சொக்கலிங்கம் மர மில்லிலிருந்து வந்ததும் கேட்டாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அடுப்புச் சாமி. சீனாக்காரங்க வருஷம் பொறக்க ஏழு நாள் இருக்கையில அது மேல போகும். வீட்டுல நடந்ததையெல்லாம் ஒப்பிக்கும். வாயில இனிப்பு தடவி, தாளை எரிச்சு அனுப்பினா நல்லதா நாலு வார்த்தை சொல்லும்."

"நாம என்ன சீனாக்காரங்களா?"

"போதும், விடு விசாலம். ரங்கூன்ல பழகினது."

யாரோடு பழகினது என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மேய்லின். ரங்கூனில் அவன் கட்டியிருந்த சீனத்துப் பெண். அவன் கப்பலேறுவதற்கு முந்தைய வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். சிவகங்கைக்குப் பெண் பார்க்க வந்த அன்றே அவன் அதைச் சொல்லிவிட்டான். செத்தவள்தானே என்று விசாலாட்சியின் அப்பாவும் தலையாட்டினார். மெயின்லேண்டை விட்டுக் கடல் கடந்து இந்தத் தீவில் ரங்கத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் அவளை அடித்ததில்லை, வைததில்லை. 'சாப்பாடு நல்லாருக்கு' என்பான், வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. கல்யாணத்துக்குப் பிறகு மேய்லின் பேரை மட்டும் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. அதுதான் அவளை அரித்தது. மறந்துபோனவன் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவான். உள்ளே பொத்தி வைத்திருப்பவன்தான் வாய் திறக்கமாட்டான்.

அவன் குளிக்கப் போன நேரத்தில் ஈரத்துணியால் அந்தத் தேனைத் துடைத்தெடுத்தாள். அம்மியில் மிச்சமிருந்த மிளகாய் விழுதை விரலில் தொட்டு அந்த வாயில் அழுத்தினாள். தாளருகே முகத்தைக் கொண்டுபோய் முணுமுணுத்தாள்.

"போய்ச் சொல்லு அவகிட்ட. இது என் வீடு. என் புருஷன். கேக்கணும்னா அவளே வரட்டும்."

சாயங்காலம் அவன் முற்றத்தில் தாளை எரித்தான். இலை அசையாத அந்த வேளையில் புகை மேலே போகவில்லை. தரையோடு வளைந்து, படியேறி, அவள் நின்ற அடுக்களைக்குள் நுழைந்து, புடவையில் படிந்து, தொண்டையைக் கமறவைத்தது. அவன் கும்பிட்டபடி கண் மூடியிருந்தான்.

மறுநாளிலிருந்து அவன் பலகைச் சுவர்களைக் கழுவினான், மூலைமுடுக்கெல்லாம் பெருக்கினான், நிலைக்கதவின் இருபுறமும் சிவப்புத் தாள் ஒட்டினான். வேலை செய்துகொண்டே ஏதோ பாட்டை முனகினான். அவன் முனகி அவள் கேட்டதே இல்லை. அவன் மில்லுக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கையில், கூடத்துப் பலகைத் தரையில் மரச்செருப்பின் ஓசை மெல்ல நடந்து வந்து, அடுக்களை வாசலில் நின்றுவிடும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். எள்ளெண்ணெயும் சந்தனமும் கலந்தாற்போல ஒரு வாசம் மட்டும் நிற்கும். அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் சொக்கலிங்கம் அவளைக் கடந்து போனவன் நின்றான்.

"என்ன பூசியிருக்கே? நல்லாருக்கு."

அவள் எதையும் பூசவில்லை.

வருஷக் கடைசி நாளன்று அவனே சமைத்தான். தலையோடு முழு மீன், இஞ்சி போட்ட கோழி, ஆவி பறக்கும் சோறு. பாயில் மூன்று கிண்ணங்கள் வைத்தான்.

"மூணாவது யாருக்கு?"

"இன்னிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டாளுங்க எல்லாரும் வந்துரணும். எங்க இருந்தாலும்."

வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனான். ஐந்தரைகூட ஆகவில்லை, காடு இருட்டிக்கொண்டு வந்தது. சில்வண்டுகள் இரைந்தன. விசாலாட்சி அந்த மூன்றாவது கிண்ணத்தைப் பார்த்தாள். நல்ல மீன் துண்டு அதில்தான் இருந்தது. நேராகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டாள்.

சோறு கிணற்றுத் தண்ணீர்போல் சில்லென்றிருந்தது.

சில்வண்டுகள் நின்றுவிட்டன.

சொக்கலிங்கம் வாசலில் வந்து நின்றான். அவன் முகம் இளகியது.

"வந்துட்டியா?"

அவன் முழங்கால் இடிக்க எதிரில் உட்கார்ந்தான். அவள் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டான். நான் விசாலம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இது எனக்கு இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அவன் அவளுக்குத் தெரியாத பாஷையில் ஏதோ கேட்டான்.

அவள் வாய் பதில் சொன்னது. அதே பாஷையில்.

பிறகு சிரித்தது.

முதுகில் அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகை உறுத்தியது. புகை நெடி. எப்போது எழுந்தாள்? எழவில்லை. அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து கூடம் தெரிந்தது. பாயில் அவளே உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னல். அவள் ரவிக்கை. அவள் கை அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. அவன் வாங்கித் தின்றான். அழுதான்.

"மேய்லின்" என்றான்.

விசாலாட்சி கத்தினாள். சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை. கூடத்தில் அந்தக் கை அவன் கண்ணைத் துடைத்தது. அவன் அந்த உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்து அவள் எழுந்தாள். விசாலாட்சியின் கால்களால் நடந்து வந்தாள். விசாலாட்சியின் கண்களால் விசாலாட்சியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, கேலியுமில்லை. படுக்கப் போகும்முன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற வீட்டுக்காரியின் பார்வை அது.

பிறகு, கண்ணாடி வளையல்கள் குலுங்க, அடுக்களைக் கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினாள்.