கணினி பயன்பாட்டில் உள்ளது

பள்ளிக்கூடம் விட்டு வந்து குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்த கேதீஸ்வரி, ஈரக்குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வீட்டில் எது குறைகிறது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். தகரத்தில் மழை விழும் சத்தம் இருந்தது. கீழேயுள்ள தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழுந்து வாடும் மணம் வழக்கம்போல ஏறி வந்தது. முன்னறையில் கணினியின் விசிறி மட்டும் இரையவில்லை.

அது அவள் கணவர் துரைராசாவின் கணினி. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி பொகவந்தலாவைக்கு வந்த ஆசிரியர்கள். போன மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். உயிரோடு இருந்தபோது கணினியின் ஓய்வு நேரத்தை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். உலகம் முழுக்கப் பலர் அப்படிக் கொடுத்தார்கள். இணையத்தில் கணக்குகள் வரும்; கணினி செய்து முடித்துத் திருப்பி அனுப்பும். உள்ளே நான்கு கோர்கள், கணக்குப் போடும் நான்கு மூளைகள் மாதிரி. சின்னக் கணக்கென்றால் ஒவ்வொரு கோரும் தனியாகவே பார்த்துக்கொள்ளும். அவர் கடைசியாக ஏற்றுக்கொண்டது பெரியது.

"இஞ்சரும், இது நாலும் ஒண்டாச் சேர்ந்து தூக்கிற பாரம்," என்று சொல்லியிருந்தார். "ஒண்டு கை ஓய்ஞ்சு நிண்டாலும், மற்றது மூண்டும் வருமட்டும் சும்மா காத்துக்கொண்டு நிக்கும். ஆராவது கீபோர்ட்டிலை கை வைச்சால் இரண்டை அவைக்கு விட்டுக் குடுத்திடும். பிறகு இது ஓடாது."

நான்கும் ஓடும்போது விசிறி பேரிரைச்சல் போடும். செத்தவீடு முடிந்து சனம் கலைந்த பிறகும் அந்த இரைச்சல் ஓயவில்லை. அவர் ஏற்ற கணக்கு முடியட்டும் என்று அவளும் அதை நிறுத்தவில்லை.

திரையைப் பார்த்தாள். கணினி பயன்பாட்டில் இருப்பதால் வேலை நிறுத்தப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவள் இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை. காலையிலிருந்து வீடு பூட்டிக் கிடந்தது.

மறுநாளும் அப்படித்தான். எலி ஏதும் ஓடுகிறதோ என்று மவுசைக் கழற்றினாள். பிறகு கீபோர்ட்டையும் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். பக்கத்தில் நின்று பார்க்கும்வரை விசிறி இரைந்தது. அவள் குசினிக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. திரும்பி வந்தால் அதே வரி.

பயம் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. நெஞ்சுக்குள் எதுவுமே அசையவில்லை. செத்தவீட்டிலும் அப்படித்தான் இருந்தாள்.

சனிக்கிழமை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்திலிருந்து அம்மாக்கண்ணு விறகு கொண்டு வந்தாள். கட்டை இறக்கப் பின்கதவடியில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"உள்ள யாராச்சும் வந்திருக்காங்களா டீச்சர்?"

"இல்லையே. ஏன் கேக்கிறீங்கள்?"

"நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டிச்சிங்க. நேத்து ரோட்டுல போறப்பவும் முன் ஜன்னல் பக்கம் ஒரு ஆளு குந்தியிருந்த மாதிரி தெரிஞ்சிச்சி. சார்னு நெனச்சிட்டேன்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்க லயத்துல வந்து கொஞ்ச நாளு இருங்களேன். எடம் இருக்குதுங்க."

"பரவாயில்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அம்மாக்கண்ணு விறகை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள்.

சார் என்று நினைத்தாளாம். அந்தச் சொல் கேதீஸ்வரிக்குள் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு அவள் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். முன்னறையைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் ஏதோ செய்துகொண்டிருக்கிறார், குழப்பக்கூடாது. அவ்வளவுதான். அப்படியே ஒரு வாரம் போயிற்று. விசிறி இரையவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூட்டம் இறங்கி மலையை, கோயிலை, கடைசியில் முற்றத்துக் கொடிக் கயிற்றையும் மூடிக்கொண்டது. அவள் குசினி ஜன்னலருகே நின்று எதையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. கால்விரல்கள் விறைத்திருந்தன.

முன்னறையில் விசிறி கிளம்பியது. முனகலாகத் தொடங்கி, ஏறி, முழுதாக இரைந்தது.

நான்கும் ஓடுகின்றன. நல்லது, கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

அப்படியென்றால் கணினியில் இப்போது யாரும் இல்லை.

கை எடுத்தவுடனே அது ஓடத் தொடங்காது. மூன்று நிமிடம் காத்திருந்து பார்க்கும்படி துரைராசாதான் அமைத்து வைத்தார். அவர் கதிரையிலிருந்து எழுந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு நடைதான்.

அவள் திரும்பவில்லை.

விசிறி இரைந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் மூச்சு பட்டு ஜன்னல் கண்ணாடியில், வாய்க்கு நேரே, ஒரு வெள்ளைப் படலம். சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

அதற்கு மேலே இன்னொன்று.

துரைராசா அவளைவிடக் கட்டை. அவள் தோளுக்குத்தான் வருவார்.

இது அவள் தலைக்கு ஒரு சாண் மேலே.

மூச்சை அடக்கினாள். அவளுடைய படலம் சுருங்கி, சுருங்கி, இல்லாமல் போயிற்று.

மேலே இருந்தது சுருங்கியது.

படர்ந்தது.