மேற்குத் தெரு, எண்ணெய் வண்ணம்

வாயிற்காவலர் ராஜபுஷ்பத்தின் இரு கண்களிலும் ஒளியைப் பாய்ச்சி, படலம் ஒட்டியிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே கூடத்துக்குள் விட்டார். படலம் இல்லாத கண்ணுக்குச் செந்தேரி நகரின் ஊர்க்கலைக் காட்சியில் இடமில்லை.

தேரி என்னும் செம்மணல் மேடு கடற்கரை வரை பரவி, ஊர்களை விழுங்கி, எஞ்சியவர்களை ஒரே நகரத்துக்குள் ஒடுக்கிய காலத்தில் வந்தது அந்தப் படலம். முதலில் மணலையும் வெயிலையும் தடுக்கும் வெறும் தோலாகத்தான் அது கண்மணியின்மேல் கிடந்தது. பிறகு ஓர் ஆண்டுக் காட்சியில், ஓர் ஓவியம் ஊரைப் புகழ்கிறதா பழிக்கிறதா என்ற வழக்கில் மண்டைகள் உடைந்தன. நகரமன்றம் கூடிப் படலத்துக்குப் புதியதொரு வேலையைக் கொடுத்தது. அதன்படி, சித்திரப் பலகைகளின் இழையோடு ஒரு மின்குறியைச் சேர்த்து நெய்தார்கள். அக்குறியைக் கண்டதும் படலம் விழித்துக்கொண்டு, பலகையில் உள்ளதைப் பார்ப்பவரின் மனம் விரும்புகிறபடி திருத்திக் காட்டும். அன்றோடு சண்டை ஒழிந்தது. கருத்து வேறுபாடு ஒழிந்தது. கருத்தும் ஒழிந்தது என்று சேர்த்துச் சொன்னால் பிழையாகாது.

கூடத்தில் நல்ல கூட்டம். ஒரு மூலையில் குடும்பம் குடும்பமாகக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். மேடையில் வில்லுப்பாட்டு நடந்தது. ராஜபுஷ்பம் தன் பலகையின் அருகே கைகட்டி நின்றாள். ஆளுயரப் பலகை அது. அதில் அவள் மேற்குத் தெருவை வரைந்திருந்தாள்.

மணலைத் தடுத்து நின்ற அரண் சரிந்த நாளில் மேற்குத் தெரு முழுவதும் மண்ணுக்குள் போயிற்று. அவளுடைய தங்கை ஜெபமணியும் அதனோடு போனாள். புதைந்தவர்களுக்கு ஒரு கல் நடக்கூட மன்றம் இசையவில்லை. மக்கள் மனம் கலங்குமாம். ஆகவே ராஜபுஷ்பம் ஓர் ஆண்டு முழுவதும் உட்கார்ந்து வரைந்தாள். எழும்பி வரும் செம்மணல், வாசலில் நிற்கும் ஜெபமணி, அவள் முகத்தில் அந்தக் கடைசிக் கணத்துத் திகில். படலத்தையும் மீறிப் பார்ப்பவரின் வயிறு கலங்க வேண்டும். ஒருவருக்காவது கலங்க வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

எவருக்கும் கலங்கவில்லை. மன்றத் தலைவர் வந்து, திருமணத்தில் மணமகளின் நாணத்தை வெகு அழகாகத் தீட்டியிருப்பதாகப் பாராட்டினார். ஒரு மூதாட்டி பனந்தோப்பைக் கண்டு நெகிழ்ந்தார். ஓர் இளைஞன் படகுப் போட்டியைப் புகழ்ந்தான். ஒவ்வொரு புகழ்ச்சியும் ராஜபுஷ்பத்தின் நெஞ்சில் ஒரு கூடை மணலைக் கொட்டியது. தங்கை இரண்டாம் முறையும் புதைந்துகொண்டிருந்தாள்.

கூடத்தின் பின்கட்டில் பதநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஞானதிரவியம். ஒரு காலத்தில் ஊரே அஞ்சிய கலை விமரிசகர். ராஜபுஷ்பத்தின் முதல் ஓவியத்தைக் காய்ந்த கருவாடு என்று எழுதியவர். எல்லாமே எல்லோருக்கும் பிடித்துப்போன பிறகு விமரிசகருக்குப் பிழைப்பேது? அவள் நேராக அவரிடம் போய், படலத்தைக் கழற்றிவிட்டுத் தன் ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

"ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்காக்கா? கூடத்துக்குள்ள படலத்தக் கழத்தினா தண்ணிப் பங்க வெட்டிருவான்வ."

"என் பங்குல பாதிய எடுத்துக்கோ தம்பி. வஞ்சாலும் பரவால்ல, துப்புனாலும் பரவால்ல. உள்ளத உள்ளபடி ஒரு வார்த்த சொல்லு. ஒங்கண்ண விட்டா எனக்கு வேற கண்ணில்ல."

அந்தக் கடைசிச் சொல் ஞானதிரவியத்தை அசைத்தது. பத்தாண்டுகளாக எவரும் அவர் கண்ணைக் கேட்கவில்லை. குவளையில் உப்பு நீரை எடுத்துக்கொண்டு அவளுடன் வந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்களைக் கழுவி, இரு படலங்களையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்தார்.

அவருடைய பார்வை சுவர் சுவராக ஊர்ந்தது.

"எக்கா," என்றார் மெல்ல. "பலகையெல்லாம் மொட்டையாக் கெடக்கு. ஒண்ணுல கூட ஒரு கோடு ஒழுங்கா இல்ல. மொட்டப் பலகையப் பாத்துட்டு அந்தா ஒருத்தன் அழுதுகிட்டு நிக்கான்."

ராஜபுஷ்பம் திடுக்கிட்டாள். அடுத்த கணமே ஒரு கொடிய மகிழ்ச்சி அவளுக்குள் பொங்கியது. ஏமாற்றுக்காரர்கள். எதை மாட்டினாலும் புகழ் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு வெறும் பலகையை மாட்டியிருக்கிறார்கள். இந்த நகரத்தில் தூரிகையைத் தொட்டவள் தான் ஒருத்திதான்.

"அவுகளத் தள்ளு. என் பலகையப் பாரு."

ஞானதிரவியம் திரும்பிப் பார்த்தார். அருகே போனார், குனிந்தார், விரலால் பலகையைத் தடவினார். அவரிடமிருந்து எத்தனையோ வசைகளை எதிர்பார்த்திருந்தாள் அவள். அவரோ தாழ்ந்த குரலில், கெஞ்சுவதுபோல், "இதுல முகமே இல்லியேக்கா," என்றார்.

"நல்லாப் பாருலே."

"பாத்துட்டேன். அடியில கொஞ்சம் செவப்பு பூசியிருக்கு. நடுவுல முட்ட மாதிரி ஒரு கோடு. மிச்சமெல்லாம் கீறலு. சாயமில்லாத தூரிகைய வச்சு இழுத்த கீறலு."

அவள் குவளையைப் பிடுங்கினாள். உப்பு நீர் கண்ணைக் கரித்தது. கழன்று வந்த படலங்கள் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டன.

அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

பலகையை வாங்கி வந்த நாளிலேயே மின்குறி அதன் இழைக்குள் இருந்தது. வீட்டில் அவள் வரைய உட்கார்ந்தபோது அவள் கண்ணிலும் படலம் இருந்தது. முதல் சிவப்பைப் பூசினாள். அவள் மனம் வேண்டிய புயலைப் படலம் எழுப்பிக் காட்டியது. ஒரு வளைகோட்டை இழுத்தாள். அது தங்கையின் முகத்தை வரைந்து முடித்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் அவள் உலர்ந்த தூரிகையைப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாயக்குப்பிகள் தீராததை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்க நேரமேது? ஓவியம்தான் அத்தனை நன்றாக வந்துகொண்டிருந்ததே.

சுற்றிலும் தொங்கிய மொட்டைப் பலகைகளைப் பார்த்தாள். அவற்றின் அருகே நின்ற ஓவியர்களைப் பார்த்தாள். எல்லோருடைய முகங்களிலும் ஓராண்டு உழைத்த களைப்பு தெரிந்தது. அவர்களில் ஒருவர்கூட ஏமாற்றுக்காரர் அல்லர்.

ராஜபுஷ்பம் தங்கையின் முகத்தை நினைவிலிருந்து எடுக்க முயன்றாள். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. கண்கள் வரவில்லை. இந்த ஓராண்டாகத் தங்கையை நினைப்பதைக்கூட இரு தோல்களிடம் ஒப்படைத்துவிட்டிருந்தாள்.

"வாங்கக்கா, வெளிய போயிருவோம்," என்று ஞானதிரவியம் அவள் முழங்கையைத் தொட்டார்.

அவள் அசையவில்லை. தங்கையின் முகம் இருக்கும் இடம் இப்போது இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய விரல்நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு முறை, அந்தத் திகிலை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம் என்று படலங்களைக் கண்களில் மீண்டும் ஒட்டிக்கொண்டு இமைத்தாள்.

பலகையில் ஜெபமணி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மேற்குத் தெருவில் அன்று காற்றே அடிக்கவில்லை.