இனி கவலை வேண்டாம்

காலை 9.14-க்குக் கதவை உடைத்தபோது, உள்ளே மாட்டிய ஊழியர் சுருளி இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

டேட்டா சென்டரின் கடைசி அறை. தீப்பிடித்தால் ஆக்சிஜனை விரட்டும் வாயு அங்கே தானாகத் திறக்கும். இன்று தீயே இல்லாமல் திறந்துவிட்டது.

கதவின் உள்பக்கக் கைப்பிடி சுருளியின் கையோடு வந்திருந்தது!

பத்தரைக்கு ஜெஸி வந்தாள். கம்பெனியின் அறுபது வக்கீல்களுக்குத் தலைவி. லீவில் திருநகர் அம்மா வீட்டுக்கு வந்தவளை போன் இழுத்து வந்திருந்தது. கூடவே மதுரைக் கிளையின் ஜூனியர் வக்கீல் ஆன்றோ.

கீழே போலீஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மேலே சைட் மேனேஜர் அசோக்குமார் ஜெஸியின் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் கம்பெனியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல. நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவும் திரும்பலாம்."

ஆன்றோ தலையாட்டினான். அவள் அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

"கைப்பிடி ரிப்பேர்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். மூணு மாசமா."

"மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்..."

"அரை மணி நேர வேலைக்கு மூணு மாசமா! இது விபத்தில்ல அசோக்குமார். கொலை!"

அசோக்குமார் நிமிர்ந்தார்.

"கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு மேடம்."

"யாரு உத்தரவு?"

"உங்க உத்தரவுதான்..."

ஆன்றோவின் விரல்கள் லேப்டாப்பில் நின்றன.

"ஆபத்தான விஷயம்னா லீகலுக்கு மட்டும் மெயில் போடு. லீகல் அனுமதி குடுக்குற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது, வாயத் தெறக்கக் கூடாது. உங்க சர்க்குலர் மேடம். சுருளி மெயில் போட்டான். நாலு தடவ நானும் ஞாபகப்படுத்துனேன்."

வக்கீலுக்கு எழுதியதைக் கோர்ட் கேட்டாலும் தர வேண்டாம் என்பது அவள் கணக்கு. அதற்காகத்தான் அந்தச் சர்க்குலர். கம்பெனி கைதட்டியது.

ஜெஸி போனை எடுத்தாள். படிக்காத மெயில்கள் 11,206. தேடினாள்.

சுருளி. ஒரே வரி.

'உள்ளே மாட்டினால் வெளியே வர முடியாது மேடம்.'

மூன்று மாதமாக யாரும் திறக்காத மெயில்!

கதவு தட்டப்பட்டது.

சுருளியின் மனைவி முனீஸ்வரி. திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"இங்க ஜெஸி மேடம் யாரு?"

"நான்தான்..."

முனீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். ஜெஸியால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

"அந்த ரூமுக்குப் போகாதீங்கன்னு தெனமும் சண்டை போடுவேன் மேடம். உங்க பதில் வந்தப்புறம்தான் வாய மூடுனேன். அம்புட்டு சந்தோசம் அவருக்கு. 'பெரிய மேடமே சொல்லிட்டாங்க, இனி என்னடி பயம்'னாரு..."

ஒரு தாளை நீட்டினாள். கோரிப்பாளையத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்தது.

'உங்கள் கடிதம் கிடைத்தது. இனி கவலை வேண்டாம். – ஜெஸி சவரியப்பன், சட்டப் பிரிவுத் தலைவர்.'

எல்லா மெயிலுக்கும் கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் பதில். வாசகம் மட்டும் அவளே எழுதியது. கொஞ்சம் அன்பாக இருக்கட்டும் என்று.

"சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாரு மேடம். நீங்க சொல்லியும் ரிப்பேர் பண்ணாம விட்டது யாருன்னு கண்டுபுடிங்க. இத நீங்களே வச்சுக்கங்க. வேற யாரை நம்புறது?"

ஜெஸி தாளை வாங்கிக்கொண்டாள்.

அசோக்குமார் முனீஸ்வரியைக் கீழே அழைத்துப் போனார்.

மெயிலை வக்கீல் ரகசியம் என்று பூட்டிவிடலாம். வெளியே போய்விட்ட இந்த ஒரு தாளைப் பூட்ட முடியாது...

அவள் கை தன்பாட்டுக்கு நகர்ந்தது. தாள் கைப்பைக்குள் போனது. ஜிப் மூடியது.

அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது!

ஆன்றோ எழுந்தான். அறைக் கதவைச் சாத்தினான். அசோக்குமார் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"உக்காருங்க மேடம்."

"என்ன ஆன்றோ இது?"

"நான் கம்பெனியோட வக்கீல். உங்க வக்கீல் இல்ல. நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவும் திரும்பலாம்."

அவள் முகம் வெளுத்தது. உட்கார்ந்தாள்.

ஆன்றோ அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தான்.

"மொதக் கேள்வி. அந்த ஜிப்பைத் தெறக்கலாமா மேடம்... இல்ல, லீகல் அனுமதி குடுக்குற வரைக்கும் அதுலயும் கை வைக்கக் கூடாதா?"